அனுமதி பெற்ற புளிப்பு

எங்கள் சாப்பாட்டுக் கடைக்கு அந்த ஆய்வாளர் வருவது ஒன்றும் புதிதில்லை. ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, சட்டைக் காலருக்குள் கைத்துண்டைச் சொருகிக்கொள்வார். தக்காளியில் வெந்த கறி, ரொட்டி, ஒரு கோப்பை சிவப்பு ஒயின். சாப்பிடும்போது யாருடனும் பேச மாட்டார். கடைசித் துண்டு ரொட்டியால் தட்டை வழித்துத் துடைத்து, அதையும் வாயில் போட்டுக்கொண்டு கைகழுவப் போவார். என் வீட்டுக்காரர்தான் சமையல். அடுப்படிச் சந்து வழியாக அதைப் பார்த்துவிட்டு, சமைக்கிறவனுக்கு வேறென்ன வேண்டும் என்பார். அவர் ஒரு வெகுளி.

அன்றைக்கும் தட்டைத் துடைத்தார், கைகழுவினார், மீசையை ஒற்றிக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதுக்கு அனுமதி இருக்கா?" என்று கேட்டார்.

எதுக்கு என்று கேட்டேன். இந்தக் கறிக்கும் இந்த ஒயினுக்கும் என்றார். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தும்விட்டேன். அந்த முகத்தில் விளையாட்டு எங்கேயும் ஒட்டியிருக்கவில்லை.

சுவைப் பொருத்த வாரியம் என்று ஒன்று இருப்பது எங்களுக்குத் தெரியும். கடைத்தெருக் கோடியில் தூண் வைத்த பெரிய கட்டடம், வாசலில் பித்தளைப் பலகை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தொடங்கும்போது ஒரு மணி அடிப்பார்கள், முடியும்போது இன்னொன்று. நடுவில் தெரு முழுக்க அவர்கள்தான். உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. எந்த ஒயினை எந்தச் சாப்பாட்டோடு சேர்க்கலாம் என்று முடிவு கட்டுவது அவர்கள் வேலையாம். துணை உணவு பதிவாகாத ஒயினுக்குத் 'துணையற்ற ஒயின்' என்று பெயராம். அதை விற்கவும் கூடாது, பரிமாறவும் கூடாது. அடுத்த தடவை கொடிகளைக் கவாத்து வெட்டுவதற்குள் துணை கிடைக்காவிட்டால் அந்தத் திராட்சைக் கொடிகளை வேரோடு பிடுங்கிவிடுவார்கள். இந்தச் சட்டம் எப்போது வந்தது என்று ஆய்வாளரிடம் கேட்டேன். எப்போதும் இருக்கிறது என்றார். அப்படியானால் இத்தனை காலம் நீங்களே வந்து ஒரு கை பார்த்தீர்களே ஐயா என்றேன்.

"அப்பல்லாம் நான் சாப்பாட்டு நேரத்துல வந்தேம்மா," என்றார் அவர். "இன்னிக்கு வர லேட்டாயிடுச்சு. சாப்பிடும்போதே ரெண்டாவது மணி அடிச்சிடுச்சு. இது அலுவல் நேரம்."

நான் பயந்துவிட்டேன். கடைக்காக இல்லை. கடை போனால் என் வீட்டுக்காரர் வேறெங்காவது கரண்டி பிடிப்பார். அந்த ஒயின் என் அண்ணன் செய்வது. ஊருக்கு வெளியே கல்லாங்குத்துச் சரிவில் அவருக்கு ஒரு திராட்சைத் தோட்டம். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல் அந்தக் கொடிகளோடே காலத்தை ஓட்டிவிட்டார். கொடிகளைப் பெற்ற பிள்ளைகளைத் திட்டுகிற மாதிரி திட்டுவார். "சோம்பேறிக் கழுதை, போன வருஷம் உன்னால எனக்குத் தலைகுனிவு" என்று ஒரு கொடியிடம் அவர் சண்டை போட்டுக்கொண்டிருந்ததை நானே கேட்டிருக்கிறேன். அந்தத் தோட்டத்தைப் பிடுங்கிவிட்டால் என் அண்ணனுக்குக் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருக்காது. அவ்வளவுதான் விஷயம்.

அவர் செய்கிற சிவப்பு, கனமான சிவப்பு இல்லை. கோப்பையில் ஊற்றினால் அந்தப் பக்கம் விரல் தெரியும். நாக்கில் பட்டதும் சுரீரென்று ஒரு புளிப்பு. தனியாகக் குடித்தால் முகம் கோணும். அண்ணன் சொல்வார்: "இது தனியாக் குடிக்கிறதுக்கு இல்ல பாப்பா. ஒரு வாய் கறி, ஒரு மடக்கு இது. கறியோட கொழுப்பை இது அறுத்துட்டுப் போயிடும். இதோட புளிப்பைத் தக்காளி தாங்கிக்கும். அடுத்த வாய்க்கு நாக்கு தானா எச்சில் ஊறும்." நாங்கள் படித்துக் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. எண்ணெய் மிதக்கிற கறி, இந்தப் புளிப்பு, இரண்டும் ஒரே மேசையில் இருந்தன. சாப்பிட்டவர்கள் மறுபடி வந்தார்கள்.

அண்ணனுக்கு ஆபீஸ் வாசலைக் கண்டாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் நானும் என் வீட்டுக்காரரும்தான் போனோம். நான் ஒயின் பாட்டிலைப் பிடித்துக்கொண்டேன். அவர் கறிப் பாத்திரத்தைத் துணியில் சுற்றி, கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்.

உள்ளே நுழைந்ததுமே எங்களைப் பிரித்துவிட்டார்கள். கறி கீழ்த்தளத்து உணவுக் குழுவுக்கு, ஒயின் மேல்தளத்து ஒயின் குழுவுக்கு. மாதிரிகளை வாங்கிவைக்கும் அலுவலர் பாட்டிலைப் பார்த்தார், தட்டினார், ஆட்டினார், தக்கையைப் பிடுங்கினார். உள்ளே இருப்பது ஒயின்தான் என்று உறுதி செய்ய வேண்டுமாம். உறுதி செய்த பிறகு பாட்டில் வாயில் ஒரு காகிதத்தை வைத்து, நூலால் கட்டி, அதன்மேல் அரக்கு முத்திரை வைத்து, வெயில் விழுகிற ஜன்னல் அலமாரியில் நிறுத்தினார். அங்கே அப்படிக் காகிதத் தொப்பி போட்ட பாட்டில்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன.

திறந்து வைத்தால் ஒயின் கெட்டுப்போய்விடுமே என்று சொன்னேன். குழு எப்போது சுவைத்துப் பார்க்கும் என்றும் கேட்டேன். முறை வரும்போது என்றார்.

"வெறும் காகிதந்தானே சார் கட்டியிருக்கீங்க. காத்துப் போகுமே."

அவருக்குக் கோபமே வரவில்லை. பாவம் என்று பார்த்தார். "அம்மா, அதுமேல வாரிய முத்திரை இருக்கு. எப்படிக் கெடும்?"

விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தபோது ஒயின் தயாரிப்பவரின் திருமண நிலை என்ன என்று கேட்டார். ஆகவில்லை என்றேன். பேனாவை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தயாரிக்கிறவருக்கே துணை இல்லாதபோது தயாரிப்புக்குத் துணை கேட்பது கொஞ்சம் அவசரமாகத் தெரியவில்லையா என்றார். சட்டத்தில் தடை இல்லைதான், ஆனால் குழுவின் மனத்தில் ஒரு நெருடல் இருக்கும் என்று ஓரத்தில் சிவப்பு மையில் குறித்துக்கொண்டார்.

உணவுக் குழு கூடிய அன்று காலையில் புதிதாகச் சமைத்து எடுத்துப் போனோம். நீள மேசை, வெள்ளை விரிப்பு, கழுத்துவரை கட்டிய வெள்ளை அங்கிகள். என் வீட்டுக்காரர் மூடியைத் திறந்தார். வாசனை கிளம்பியதும் ஓர் உறுப்பினர் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் அவர் முழங்கையை இடித்தார்.

குழுத் தலைவர் ஒரு துண்டுக் கறியை இடுக்கியால் எடுத்தார். வாயில் வைப்பார் என்று பார்த்தால், மூலையில் இருந்த குழாயடிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்து அதை அலசினார். தக்காளி போயிற்று, எண்ணெய் போயிற்று, வெங்காயம் போயிற்று. சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு மிஞ்சியது. விடிகாலையில் எழுந்து அடுப்பைத் தணித்தும் ஏற்றியும் வேகவைத்த மனிதர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கை என் முந்தானையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

"ஐயா, அந்தத் தக்காளிதான்..." என்று தொடங்கினார்.

"தக்காளி ஒரு சூழ்நிலை," என்றார் தலைவர். "நாங்க சூழ்நிலைய மதிப்பிடறதில்ல. பொருளை மதிப்பிடறோம். அப்புறம் இன்னொன்னும் புரிஞ்சுக்கணும். நாங்க சாப்பிடறதில்ல. சுவைக்கிறோம். சாப்பிடறதுங்கறது வயிறு சம்பந்தப்பட்ட விஷயம். பசியோட இருக்கிறவன் கண்டதையும் நல்லா இருக்கும்பான். அதனாலதான் உறுப்பினர்கள் எல்லாரும் வீட்டுல வயிறு நிறையச் சாப்பிட்டுட்டுத்தான் வரணும்னு விதி வச்சிருக்கோம்."

அலசிய துண்டை எல்லோரும் கடித்து மென்று, 'இது இறைச்சி' என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள். விவாதம் மத்தியான மணி அடிக்கும்வரை நடந்தது. மணி அடித்ததும் எழுந்து, எங்கள் கடை வாசலைத் தாண்டி வேறு கடைக்குச் சாப்பிடப் போனார்கள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. இரண்டையும் ஒன்றாக வைத்து ஒரே ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்களேன் சார், அதற்குத்தானே வந்திருக்கிறோம் என்று துணைச் செயலாளரைப் படிக்கட்டில் மறித்துக் கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னை ஓரமாக அழைத்துப் போனார். நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி குரலைத் தாழ்த்தினார்.

"அதை மட்டும் வெளியில சொல்லிடாதீங்கம்மா. சேர்த்துச் சாப்பிட்டா பாரபட்சம் வந்துடும். முன்ன ஒரு உறுப்பினர் அப்படித்தான், மேல்மாடி ஒயினைக் கீழ எடுத்துட்டு வந்து சாப்பாட்டோட குடிச்சுட்டாரு. ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் அவரால நடுநிலையா இருக்கவே முடியல. கட்டாய ஓய்வு குடுத்து அனுப்பினோம்."

பெண்ணைக் கீழ்வீட்டிலும் மாப்பிள்ளையை மேல்வீட்டிலும் பார்த்துவிட்டு, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிடாமல் குடும்பம் நடத்தச் சொல்கிற கதைதான். இதை வீட்டுக்கு வந்து சொன்னபோது என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. குழாயடியை நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒயின் குழுவின் முறை மெதுவாகத்தான் வந்தது. முதல் அமர்வு நடப்பதற்குள்ளேயே கொடியில் காய் பிடித்துவிட்டது. மேல்தளத்து அறைச் சுவரில் ஒரு பெரிய பலகை. ஒயினைப் பற்றிச் சொல்ல அனுமதிக்கப்பட்ட சொற்கள் எல்லாம் அதில் இருந்தன: பிரகாசம், துடிப்பு, நேர்மை, முதுகெலும்பு. பலகையில் இல்லாத சொல்லைச் சொன்னால் குறிப்பில் ஏறாது. காகிதத் தொப்பியைக் கழற்றி ஆளுக்கொரு துளி ஊற்றிக்கொண்டு, கொப்புளித்து, ஜாடியில் துப்பினார்கள். பிறகு மூக்கை நிமிர்த்திக்கொண்டு பலகையைப் பார்த்தார்கள். துடிப்பு உண்டு, பிரகாசம் போதாது, ஒத்திவைக்கப்படுகிறது என்று குறிப்பு எழுதினார்கள். பாட்டிலுக்கு மறுபடி தொப்பி போட்டு வெயிலில் வைத்தார்கள்.

புதுப் பாட்டில் கொண்டுவந்து தரட்டுமா என்று கேட்டேன். பதிவான மாதிரியை மாற்றுவது ஆள்மாறாட்டம் என்றார்கள்.

அதற்குப் பிறகு நான் வாரந்தவறாமல் போய் நின்றேன். ஒரு நாள் வாசலில் கடைநிலை ஊழியர் ஒருவர் துணியை நனைத்து நனைத்துப் பித்தளைப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பலகை தகதகவென்று மின்னியது. புளியா, எலுமிச்சையா என்று பேச்சுக்குக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நெளிந்தார்.

"உங்க பாட்டில்தாம்மா. கொஞ்சூண்டுதான் எடுத்தேன். மத்த பாட்டில்ல இந்த அளவுக்குக் கறை போகல. உங்களோடது ஒரு தேய்ப்புல பளிச்சுனு ஆயிடுது."

அவர் கையிலிருந்த துணியை வாங்கி மோந்து பார்த்தேன். நெடி உச்சந்தலைக்கு ஏறியது. வினிகர். என் அண்ணன் கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துச் செய்தது ஊறுகாய் ஜாடி மாதிரி நாறிக்கொண்டிருந்தது. அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் போயிற்று, அடுத்த அமர்வில் வாயில் வைத்ததுமே தூக்கி எறிவார்கள், தோட்டம் போனது போனதுதான் என்று அழுகை வந்துவிட்டது. அவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். அந்தக் கட்டடத்தில் எனக்கு யாராவது ஏதாவது தந்தது அது ஒன்றுதான்.

ஆனால் அடுத்த அமர்வில் யாரும் தூக்கி எறியவில்லை. பிரகாசம் கூடியிருக்கிறது என்றார்கள். அதற்கடுத்ததில் முதுகெலும்பு தெரிகிறது என்றார்கள். கடைசி அமர்வுக்கு என்னையும் அண்ணனையும் கூப்பிட்டார்கள். கவாத்துக்கு நாள் நெருங்கியிருந்தது. அண்ணன் சலவை மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு, நகத்தில் மண்ணோடு வந்து மூலையில் நின்றார்.

ஒயின் குழுத் தலைவர் ஒரு மடக்குக் குடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. இருமினார், மேசையைப் பிடித்துக்கொண்டார், இரண்டு கண்ணிலும் தண்ணீர் கொட்டியது. உறுப்பினர்கள் மரியாதையாகத் தலை குனிந்தார்கள். அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"இத்தனை வருஷ அனுபவத்துல இப்படி ஒரு பிரகாசத்தை நான் பார்த்ததில்ல," என்றார். "முதல் தடவை குடிச்சப்ப இது சாதாரண ஒயின். சும்மா நல்லா இருந்துது, அவ்வளவுதான். நல்லா இருக்கிறதெல்லாம் யார் வேணாலும் செய்யலாம். இந்த வாரியத்தோட கூரைக்குக் கீழ, எங்க கண்காணிப்புல, இது வளர்ந்திருக்கு. இதோட பெருமை தயாரிச்சவருக்கு மட்டும் போயிடக் கூடாது."

அண்ணனுக்கும் ஒரு துளி கொடுத்தார்கள். அவர் வாயில் வைத்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. விழுங்கினார். என்னைப் பார்த்தார். இது கெட்டுப்போனது என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். சொன்னால் கொடி போய்விடும். அவர் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அதைச் சம்மதம் என்று குறித்துக்கொண்டார்கள்.

சான்றிதழ் வழங்கும் விழாவுக்கு வாரியத் தலைவரே வந்திருந்தார். தொடங்கிய நாளிலிருந்து வாரியம் பதிவு செய்த எந்தப் பொருத்தத்தின் மேலும் ஒரு புகார்கூட வந்ததில்லை என்று பெருமையாகச் சொன்னார். புகார் சொல்ல வேண்டுமானால் அதை யாராவது சாப்பிட்டிருக்க வேண்டும், அந்த நிலைமைக்கு நாங்கள் மக்களை விடமாட்டோம் என்று கை உயர்த்தி முடித்தார். கைதட்டினார்கள். நாங்களும் தட்டினோம். கொடி பிழைத்துவிட்டது என்கிற சந்தோஷம் எங்களுக்கு. போகிற வழியில் அண்ணன் என் வீட்டுக்காரர் தோளில் கைபோட்டு, "மச்சான், சனியன் விட்டுது," என்றார். அவர் வாய்விட்டுப் பேசி வெகுநாள் ஆகியிருந்தது.

விட்டால்தானே. மறுநாளே ஆய்வாளர் வந்தார், அலுவல் நேரத்தில். கையில் சின்னக் குப்பியில் மாதிரி ஒயின், ஒரு கிண்ணத்தில் அலசிய கறியின் மாதிரி. எங்கள் ஒயினை ஒரு மடக்கு, குப்பியிலிருந்து ஒரு மடக்கு. இது அது இல்லை என்றார். எங்கள் கறியைப் பார்த்தார். இதுவும் அது இல்லை என்றார். சான்றிதழ் பெற்ற இணை எதுவோ அதைத்தான் பரிமாற வேண்டும், தினமும் பரிமாற வேண்டும். வேறு எதையாவது அந்தப் பெயரில் கொடுத்தால் போலி. போலி பிடிபட்டால் சான்றிதழ் ரத்து. ரத்தானால் ஒயின் மறுபடி துணையற்றது. துணையற்ற ஒயினின் கொடி என்னாகும் என்று உங்களுக்கே தெரியும் என்றார்.

நான் கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததா அம்மா என்றார். முடிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் நாங்கள் தோட்டத்துக்குப் போனோம். அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவர் முழுக்கக் கேட்டார். எழுந்து கொட்டகைக்குள் போய்ப் பீப்பாய்களின் மூடியை ஒவ்வொன்றாகக் கழற்றினார். காற்றுப் படட்டும் என்று கதவையும் திறந்து வைத்தார். கொசுவும் ஈயும் உள்ளே போவதை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். நல்ல பழமாகவே பறித்து, நல்ல ஒயினாகவே செய்து, அப்புறம் தன் கையாலேயே கெடுக்க வேண்டும். "அதுவும் சுலபமில்ல பாப்பா," என்றார். "நல்ல சரக்கு இல்லாட்டா வினிகரும் ஒழுங்கா வராது." அதில் ஒரு பெருமையும் அவருக்கு இருந்தது. எனக்கு அதைக் கேட்கத்தான் தாங்கவில்லை.

ஒரே ஒரு பாட்டிலை மட்டும் என் வீட்டுக்காரர் யாருக்கும் தெரியாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து, மாவுப் பீப்பாய்க்குப் பின்னால் ஒளித்து வைத்தார். எதற்கு என்று கேட்டேன். தெரியாது என்றார்.

கடை படுத்துவிட்டது. சுவரில் சான்றிதழ் தொங்கியது. அதன் கீழே, வெந்நீரில் வேகவைத்துக் குழாயடியில் அலசிய கறியும் ஒரு கோப்பை வினிகரும். புதிதாக வந்தவர்கள் ஒரு வாய் வைத்துவிட்டு எங்களைப் பார்ப்பார்கள். பழகினவர்கள் தெருவின் எதிர்ப்பக்கமாக நடந்து போனார்கள். என் வீட்டுக்காரருக்கு வேலை குறைந்து போயிற்று. அலசுவதற்கு என்ன திறமை வேண்டும்? எங்கள் சாப்பாட்டுக்கு மட்டும் பின்கட்டில் சின்னச் சட்டியில் தக்காளி போட்டுச் சமைப்பார். வாசனை தெருவுக்குப் போகாமல் ஜன்னலைச் சாத்திவிடுவார்.

அப்படி ஒரு மத்தியானம், முதல் மணி அடித்ததும் ஆய்வாளர் வந்தார். கடையில் வேறு ஆள் இல்லை. ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தார். கைத்துண்டைச் சொருகிக்கொண்டார். நான் சான்றிதழ் பெற்ற இணையைக் கொண்டுபோய் வைத்தேன். ஒரு துண்டைக் கடித்தார். ஒரு மடக்குக் குடித்தார். தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"பழைய மாதிரி கொஞ்சம் இருக்குமா?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "பயப்படாதீங்கம்மா. இது சாப்பாட்டு நேரந்தான்."

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்த மனிதர் இளைத்திருந்தார். எங்கள் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அதற்கப்புறம் எங்கேயும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பது தொளதொளத்த சட்டைக் காலரிலேயே தெரிந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் அதற்குள் மாவுப் பீப்பாயை நகர்த்திக்கொண்டிருந்தார். எத்தனையோ நாளுக்கு அப்புறம் அவர் முகத்தில் ஒரு களை. எதற்காக ஒளித்து வைத்தார் என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்தது போலிருந்தது. எனக்கு அதைத் தடுக்க மனம் வரவில்லை.

எங்கள் சட்டியிலிருந்த தக்காளிக் கறியைத் தட்டில் வைத்தார். ரொட்டியைச் சூடு பண்ணினார். தக்கையைப் பிடுங்கினார். கோப்பைக்கு அந்தப் பக்கம் ஆய்வாளரின் விரல் தெரிந்தது.

அவர் சாப்பிட்டார். முன்பெல்லாம் அள்ளிப் போட்டுக்கொள்வார். இன்று ஒவ்வொரு வாயையும் மென்றார். ஒரு வாய் கறி, ஒரு மடக்கு ஒயின். கண்ணை மூடிக்கொண்டார். கறி தீர்ந்ததும் இன்னும் கொஞ்சம் கேட்டார், கொடுத்தோம். இன்னொரு கோப்பை கேட்டார், ஊற்றினோம். கடைசித் துண்டு ரொட்டியால் தட்டை வழித்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது கடைத்தெருக் கோடியில் வாரியத்தின் இரண்டாவது மணி அடித்தது.

ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டார். கைகழுவினார். மீசையை ஒற்றிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதுக்கு அனுமதி இருக்கா?"

மிச்சமிருந்த ஒயினுக்குக் காகிதத் தொப்பி போட்டு நூல் கட்டிக்கொண்டார். பாட்டிலை அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

கொடி பிடுங்க ஆட்கள் வந்த அன்று நாங்கள் தோட்டத்தில்தான் இருந்தோம். அவர்கள் கடப்பாரையை ஊன்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் யாரையும் தடுக்கவில்லை, கொடிகளையும் திட்டவில்லை. கவாத்துக் கத்தியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு வரப்புக் கல்லில் உட்கார்ந்திருந்தார். நான் போய் அவர் காலடியில் உட்கார்ந்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். என்னால்தான் அண்ணா என்றேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

"முழுசா சாப்பிட்டாரா?" என்று கேட்டார்.

"ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தட்டைத் துடைச்சுட்டுத்தான் எழுந்தார்."

"ஒயினோடவா?"

"ஒயினோடதான்."

அண்ணன் கொஞ்ச நேரம் வேர்கள் அறுபடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப பொருத்தந்தான்," என்றார்.